தெரிந்தும் செய்ய முடியாத பிள்ளை



ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அதனால் என் பேச்சை மருத்துவமனையிலிருந்து தொடங்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தமிழ் நோட்டு. குழந்தைகள் மனநலப் பிரிவில் பல பிள்ளைகளிடம் பார்த்ததை ஒரே பையன்மேல் ஏற்றிச் சொல்கிறேன். எந்தத் தனிப் பிள்ளையையும் குறிப்பிடவில்லை.

பக்கத்தின் மேலே தேதி இருக்கிறது, மார்ஜின் நேராக இருக்கிறது. முதல் வரியில் எழுத்துகள் முத்துமுத்தாக. மூன்றாவது வரியில் எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்குகிறது. ஐந்தாவது வரியில் ஒரு வாக்கியத்தின் முன்பாதியும் அதற்கடுத்த வாக்கியத்தின் பின்பாதியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கரும்பலகையைப் பார்க்க நிமிர்ந்தவன் மறுபடி குனிவதற்குள் இடையிலிருந்த பகுதி அவனிடமிருந்து நழுவிவிட்டது. ஏழாவது வரி கிடையாது. அந்த இடத்தில் ஒரு பேருந்து, சக்கரத்து நட்டுகள்வரை வரையப்பட்டிருக்கிறது. அதன்மேல் சிவப்பு மையில் ‘முடிக்கவில்லை. கவனம் தேவை. பெற்றோர் கையொப்பம்.’ பக்கத்தைப் புரட்டினால் அடுத்த நாளும் இதே கதை. இடையில் ஒரே ஒரு நாள் மட்டும் பாடம் முழுவதையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான். அங்கே ஆசிரியர் எழுதியது, ‘நினைத்தால் உன்னால் முடிகிறதே!’

அந்த ஆசிரியர் அன்போடுதான் எழுதினார். ஆனாலும் அந்த வரிதான் அவனுக்குப் பெரிய தண்டனையாக முடிந்தது. ஒருநாள் முடிந்தது என்றால், முடியாத நாள்களெல்லாம் அவன் வேண்டுமென்றே செய்யாத நாள்கள் என்று வீட்டிலும் பள்ளியிலும் முடிவுகட்டிவிட்டார்கள். நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த முடிவு தவறு. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு–மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அதைச் செய்ய வேண்டிய அந்த நொடியில் செய்ய வைப்பதுதான் அதன் மூளைக்குக் கடினம். நேற்று முடிந்தது இன்று முடியாமல் போவது இந்தக் குறைபாட்டின் முதன்மையான அடையாளங்களில் ஒன்று. அமெரிக்க உளவியலாளர் ரஸல் பார்க்லி பல்லாண்டுகளாக வலியுறுத்திவரும் கருத்தும் இதுதான்: பிள்ளைக்கு அறிவு குறையவில்லை, அறிந்ததை உரிய இடத்தில் செயலாக்குவதில்தான் குறை. இதை ஏற்றுக்கொண்டால் அறிவுரையும் அடியும் ஏன் பலிப்பதில்லை என்பது தானாகவே விளங்கும். அறிவுரை, தெரியாதவனுக்குச் சொல்வது. அடி, செயல் முடிந்த பிறகு வருவது. இவனுக்கு உதவி வேண்டியிருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில்.

செல்போன் யுகம் கொண்டுவந்த புது நோய் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1798இலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், எதிலும் நிலைத்துக் கவனிக்க இயலாத மனநிலையைத் தன் நூலில் விவரித்திருக்கிறார். 1902இல் லண்டன் மருத்துவக் கழகத்தில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் லான்செட் இதழில் அச்சாயின. அறிவில் குறையில்லாத, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளைப் பற்றிப் பேசிய அவர், இதை ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை’ என்றார். உடலில் காரணம் இருக்கலாம் என்று ஊகித்த அதே மனிதர்தான் ஒழுக்கம் என்ற சொல்லையும் அதில் சேர்த்தார். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சொல்லை நம் பள்ளிகள் கைவிடவில்லை. பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, துறுதுறுப்பே இல்லாமல் கவனம் மட்டும் சிதறும் பிள்ளைகளையும் இதில் சேர்த்தது. இன்றுள்ள பெயர் 1987இல் வந்தது.

மூளையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வை மட்டும் சொல்கிறேன். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஷாவும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்டது. மூளையின் மேலுறை எந்த வயதில் அதன் உச்சத் தடிமனை அடைகிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். மற்றக் குழந்தைகளிடம், மேலுறையின் பாதிப் பகுதி உச்சத்தைத் தொட்ட இடைநிலை வயது ஏழரை. ஏடிஎச்டி உள்ளவர்களிடம் அது பத்தரை. தாமதம் அதிகமாகத் தெரிந்தது மூளையின் முன்பகுதியில். திட்டமிடுவதும், கையை அடக்குவதும், சொன்னதைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்திவைப்பதும் அந்தப் பகுதியின் வேலை. பத்து வயதுப் பையனிடம் நாம் கேட்கும் கட்டுப்பாட்டை ஏழு வயதுப் பையனிடம் கேட்போமா?

மரபின் பங்கு பெரியது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிள்ளைகளிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கை மரபணுக்களே விளக்குகின்றன. எங்கள் பிரிவில் பாட்டிகள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள்: “அவங்கப்பனும் சின்ன வயசுல இப்படித்தான் டாக்டர். இப்ப வேலைக்குப் போகலையா?” பாட்டியின் கவனிப்பு சரியானது. ஆனால் அந்த அப்பாவிடம் தனியே பேசினால், பாதியில் விட்ட பாலிடெக்னிக், அடிக்கடி மாறிய வேலைகள், வாங்கிய அடிகள் என்று ஒரு பட்டியல் வருவதுண்டு. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருந்ததன் விலையை அவர்தான் கட்டியிருக்கிறார்.

அடையாளம் காண்பதற்கு வருவோம். துறுதுறுப்பான குழந்தைகள் எல்லாருக்கும் ஏடிஎச்டி இல்லை. அதே அமெரிக்கக் கையேட்டின் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, கவனக்குறைவின் ஒன்பது அறிகுறிகளில் ஆறேனும், அல்லது மிகைச் செயல்பாட்டின் ஒன்பதில் ஆறேனும், குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். பிள்ளையின் வாழ்க்கை அதனால் பாதிக்கப்பட வேண்டும். இந்த இரண்டு இடங்கள் என்ற நிபந்தனையை ஆசிரியர்கள் மறக்கக் கூடாது. பள்ளியில் மட்டும் தொல்லை என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் மட்டும் என்றால் வீட்டில் நடப்பதைப் பார்க்க வேண்டும். குடியும் சண்டையும் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளை நிம்மதியாக உட்காரும்?

ஏடிஎச்டி போலவே தோற்றமளிப்பவை நிறைய. காது சரியாகக் கேட்காத பிள்ளை, கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை, இரும்புச்சத்துக் குறைவால் சோர்ந்திருக்கும் பிள்ளை. மூக்கடைப்பால் இரவெல்லாம் வாய் திறந்து குறட்டைவிட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளை, பகலில் சுருண்டு படுக்காது. எரிச்சலோடு ஆடித் திரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கக்கூடும். கற்றல் குறைபாடு தனியாகவும் வரும், ஏடிஎச்டியோடு கைகோத்தும் வரும். வயதையும் பாருங்கள். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம் இருக்கலாம். செப்டம்பர் 1ஐச் சேர்க்கைக்கான எல்லை நாளாக வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில், வகுப்பிலேயே இளையவர்களான ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி என்று முத்திரை விழுவது, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 விழுக்காடு அதிகம் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. வயதுக்குரிய சிறுபிள்ளைத்தனத்தை நோயாக்கிவிடும் ஆபத்து உண்மையானது. இதனால்தான் நோயறிதலை மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் விட வேண்டும் என்கிறேன். ஆசிரியரின் வேலை கவனிப்பதும் குறித்துவைப்பதும்.

எத்தனை பேர் என்று கேட்பீர்கள். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஐந்து விழுக்காட்டையொட்டி வருகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். கோயம்புத்தூர் மாவட்டத் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 770 பேரைப் பார்த்து 2013இல் வெளிவந்த ஆய்வு 11.32 விழுக்காடு என்றது. சில பள்ளிகளை மட்டும் பார்த்த ஆய்வு அது. அந்த எண்ணைத் தமிழ்நாடு முழுவதற்கும் பொருத்த நான் தயாரில்லை. அதற்குள் இருந்த இன்னொரு செய்திதான் என்னை உறுத்துகிறது: வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இது நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க வேண்டிய வீடுகள் அவை.

அதே ஆய்வில் இரண்டு ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பெண் பிள்ளை. எங்கள் பிரிவுக்கு வரும் வரிசையில் பெண் பிள்ளைகள் அந்த அளவுக்கு இருப்பதில்லை. அவர்கள் பெஞ்சின்மேல் ஏறுவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. சன்னல் ஓரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறைதான் திரும்புவார்கள். பென்சில் பெட்டி, தண்ணீர் பாட்டில், ரிப்பன் என்று வாரம் ஒன்றைத் தொலைப்பார்கள். ‘நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்’ என்று மதிப்பெண் அட்டையில் எழுதப்படுவார்கள். எட்டாம் வகுப்பில் பாடம் பெருகும்போது தடுமாறுவார்கள். பத்தாம் வகுப்பில் ‘எனக்கு மூளை இல்லை’ என்று தாங்களே நம்பத் தொடங்கியிருப்பார்கள். வகுப்பைக் குலைக்கும் பையன் எப்படியும் யார் கண்ணிலாவது படுவான். இந்தப் பெண்ணை நீங்கள் தேடினால்தான் காண முடியும்.

தாய்மார்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று. “டி.வி. முன்னாடி உக்காந்தா ரெண்டு மணி நேரம் அசையமாட்டான் டாக்டர். புத்தகத்தை எடுன்னா மட்டும் தண்ணி தாகம் எடுக்கும், பாத்ரூம் வரும். இது நடிப்பு இல்லையா?” நடிப்பு இல்லை. திரையில் நொடிக்கு நொடி ஏதாவது மாறுகிறது, தட்டியவுடன் பலன் கிடைக்கிறது. உடனடிப் பலன் இருக்கும் இடத்தில் இந்த மூளை ஒட்டிக்கொள்ளும். பலன் தள்ளிப்போகும் இடத்தில் அதனால் நிற்க முடியாது. ‘முழுப் பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கினால் சைக்கிள்’ என்று ஜூன் மாதத்தில் கொடுக்கும் வாக்குறுதி இவனுக்குப் பயன்படாமல் போவது இதனால்தான். ஏப்ரல் அவனுக்கு இன்னொரு யுகம்.

சரி, வகுப்பறையில் என்ன செய்யலாம்? புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்திருந்தது. பிள்ளை தானே எழுந்துபோய்த் தன் அட்டையை எடுத்துவந்தது. ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரிந்தது. கீழ்மட்டக் கரும்பலகையில் தனக்கென ஒரு பகுதி இருந்தது. முடித்த படம் கம்பிப்பந்தலில் உடனே தொங்கியது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் பரிந்துரைகள் ஏறக்குறைய இவையேதான்: குறுகிய வேலை, இடையிடையே உடல் அசைய அனுமதி, கண்ணெதிரே தெரியும் முன்னேற்றம், உடனடிப் பலன். அந்த முறையில் குறைகளும் இருந்தன. அதை எல்லா ஆசிரியர்களும் விரும்பவில்லை. அதன் மற்ற நிறைகுறைகளை விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்ற வகுப்பறையின் வடிவம் நம் அரசுப் பள்ளிகளில் ஏற்கனவே இருந்தது. நாலாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் அதிலிருந்து இரண்டு மூன்றை எடுத்துவைத்துக்கொள்ள யாருடைய அரசாணையும் வேண்டாம்.

கணக்கு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கணக்குகள் உள்ள தாளை அப்படியே கொடுத்தால் இவன் மூன்றாவதில் நின்றுவிடுவான். தாளை மடித்து இரண்டு கணக்கு மட்டும் தெரியும்படி கொடுங்கள். முடித்ததும் எழுந்து உங்களிடம் கொண்டுவந்து காட்டட்டும். ஒரு ‘சரி’ போட்டு அடுத்த மடிப்பைத் திறந்துவிடுங்கள். ஐந்து நடை நடந்துவிடுவான், பத்துக் கணக்கும் முடிந்திருக்கும். சன்னலும் வாசலும் இல்லாத பக்கமாக, உங்கள் கைக்கு எட்டும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ‘நோட்டை எடு, தேதி போடு, நாற்பதாம் பக்கத்தைப் பார்த்து எழுது’ என்று ஒரே மூச்சில் சொன்னால் அவனிடம் நோட்டு மட்டும் தங்கும். பெயரைச் சொல்லித் திட்டுவதற்குப் பதில் அருகில் போய் நோட்டின்மேல் விரலை வையுங்கள். வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோவது, சாக்பீஸ் எடுத்துவருவது போன்ற வேலைகளை அவனுக்கே கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்ல அனுமதியுங்கள். வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையின் பி.டி. பீரியடைப் பிடுங்குவது நம் பள்ளிகளில் சர்வசாதாரணம். ஓடி ஆட வேண்டிய தேவை மிக அதிகமாக உள்ள பிள்ளையிடமிருந்து அந்த நாற்பது நிமிடத்தையும் எடுத்துவிட்டு, அடுத்த பீரியடில் அவன் அசையாமல் உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இதைச் செய்யாதீர்கள். அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது.

பள்ளியையும் வீட்டையும் இணைக்க ஒரு சிறிய அட்டை போதும். அதில் மூன்றே மூன்று இலக்குகள்: ‘பேசுவதற்குமுன் கைதூக்கினேன்’, ‘கொடுத்த வேலையில் பாதியாவது முடித்தேன்’, ‘டைரியில் வீட்டுப்பாடம் எழுதினேன்’. ஒவ்வொரு பீரியட் முடிவிலும் ஆசிரியர் ஒரு குறி போடுகிறார். அன்று மாலையே வீட்டில் அதற்குப் பலன்: அப்பாவோடு அரைமணி கிரிக்கெட், படுக்கும்முன் கூடுதலாக ஒரு கதை. காசு செலவழிக்க வேண்டியதில்லை, அன்றே கிடைக்க வேண்டும். வீட்டில் மாலை ஐந்து முதல் எட்டுவரை டியூஷன் என்ற வழக்கத்தையும் மறுபடி யோசியுங்கள். பகல் முழுவதும் தன்னைப் பிடித்துவைக்கப் போராடிய மூளை அது.

மருந்து என்றதும் பெற்றோர் முகம் மாறும். மூளை மழுங்கிவிடும், பழக்கமாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி, தூண்டு மருந்து கொடுத்த குழந்தைகள் அமைதியடைந்து பாடத்தில் ஈடுபட்டதைக் கண்டு வியந்து எழுதினார். அதன்பின் வந்த மெத்தில்ஃபெனிடேட் இன்றுவரை அதிகம் ஆராயப்பட்ட மருந்துகளில் ஒன்று. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. ஆறு வயதுக்குக் கீழ் முதலில் செய்ய வேண்டியது பெற்றோருக்கான பயிற்சி. 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து முதன்மை அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. மூன்றாம் ஆண்டில் அந்தக் குழந்தைகளைத் திரும்பப் பார்த்தபோது வெவ்வேறு சிகிச்சை பெற்ற குழுக்களிடையே வேறுபாடு மறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்தே பெற்றோரிடம் சொல்கிறேன். என் கருத்து, மிதமாகவோ கடுமையாகவோ பாதிக்கப்பட்ட பள்ளிப் பிள்ளைக்கு மருந்தை மறுப்பது அநியாயம். மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு வகுப்பறையை மாற்றாமல் விடுவதும் அநியாயம். மருந்துக்குப் பதிலாகச் சர்க்கரையை நிறுத்தினால் சரியாகும் என்பதற்கு முறையான சோதனைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஆட்டிசம் உண்டு. ஏடிஎச்டிக்குத் தனி இடமில்லை. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஏடிஎச்டி மட்டும் உள்ள பிள்ளை அதே மூன்று மணி நேரத்தில் போராடுகிறது. இதே குறைபாட்டை, பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதலே தன் பட்டியலில் வைத்திருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு பட்டியலில் இடம் உண்டு, உரிமை தர இன்னொரு பட்டியலில் இடமில்லை. இதை மாற்றக் கோரும் குரல் மருத்துவர்களிடமிருந்து மட்டும் வந்தால் போதாது, ஆசிரியர் சங்கங்களிடமிருந்தும் வர வேண்டும்.

மாணவ ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. பயிற்சிக்குப் போகும் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் இரண்டு வாரம் குறித்துவையுங்கள்: எந்தப் பாடத்தில், நாளின் எந்த நேரத்தில், எத்தனை நிமிடத்தில் கவனம் போனது, என்ன செய்தபோது திரும்பியது. நோட்டின் சில பக்கங்களையும் எடுத்துவையுங்கள். பெற்றோரை அழைக்கும்போது அந்தப் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். நம்மில் பலர் அவர்களிடம் புகாரை மட்டுமே சொல்லியிருக்கிறோம். பிறகு உங்கள் குறிப்பைக் கையில் கொடுத்து, அரசு மருத்துவமனைக்கோ, மாவட்டத் தலைமையிடத்திலுள்ள இடையீட்டுச் சேவை மையத்துக்கோ அனுப்புங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அரசு மருத்துவமனையில் இதைப் பார்க்கக் காசு கேட்பதில்லை என்பதையும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.